பழுப்பு பூசினால் பழசாகிவிடாது: ஓவியக் கேள்வி-பதில்

சிறுவயதில் வாழ்ந்த ஊரை, தெருவை, வீட்டை வரைவது பற்றிக் கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. இந்த இதழ்ப் பகுதி முழுவதும் அவற்றுக்கே. வாட்டர்கலரை மனதில் வைத்துத்தான் பதில்கள். வேறு ஊடகம் என்றால் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் தெருவை வரைந்துவிட்டு, 1975 வாக்கில் நடப்பது போலத் தெரியட்டும் என்று படம் முழுக்க செபியா வாஷ் (தண்ணீராகக் கரைத்த பழுப்புப் பூச்சு) கொடுத்தேன். பழசாகவும் தெரியவில்லை, சேறு அப்பியது போல ஆகிவிட்டது. என்ன தவறு?
– வாசகர், கோவில்பட்டி

இரண்டு தவறு. முதலாவது கைவேலை. வாட்டர்கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். முடிந்த படத்தின் மேல் வாஷ் ஓட்டினால் கீழே உள்ள பச்சையும் நீலமும் கிளம்பி செபியாவோடு கலக்கும். மூன்று நான்கு நிறமிகள் இப்படிக் கலந்தால் சேறுதான். படம் முழுக்க ஓர் இளஞ்சூடு வேண்டுமென்றால் அதை முதலில் கொடுங்கள். எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளை ஒரு பட்டாணி அளவு எடுத்து, மூன்று நான்கு தேக்கரண்டித் தண்ணீரில் கரைத்து, வெறும் தாளின் மேல் ஒரே வீச்சில் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் வரையுங்கள். காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இரண்டாவது தவறு யோசனையில். பழுப்பானது அந்தக் காலத்துப் புகைப்படம். அந்தக் காலத்துத் தெரு பழுப்பாக இல்லை. 1975 சித்திரை வெயிலும் இன்றைய சித்திரை வெயிலும் ஒரே வெள்ளைதான். காலத்தைப் பொருள்களால் சொல்லுங்கள். அதில் மிக வலுவானது கடைப் பலகை எழுத்து. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். அதற்கு முன் எழுதிய பலகையில் லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்குத் துதிக்கை போன்ற கொம்பு இருக்கும். ணா, றா, னா மூன்றும் காலைத் தனியே வாங்காமல் உள்ளேயே சுழித்துக்கொள்ளும். ‘வெற்றிலை’ என்ற ஒரே சொல்லைப் பழைய லை-யோடு எழுதினால் போதும், செபியா ஒரு குப்பியும் வேண்டாம். பலகை எழுதுபவர்கள் பழைய வடிவத்தை உடனே விட்டுவிடவில்லை. அதனால் எண்பதுகளின் தெருவில் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருக்கலாம், தவறில்லை.

பேருந்தில் சேரன், சோழன், பாண்டியன் என்று பெயர் எழுதினால் படம் 1972-க்கும் 1997-க்கும் நடுவே நிற்கும். அந்தப் பெயர்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தொடங்கியது 1972, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வந்தது 1997. வண்டி எண்ணில் ‘டி.என்.’ எழுத்தோடு மாவட்ட எண்ணும் போட்டால் 1989-க்குப் பிந்தியது. அதற்கு முன் மூன்று ஆங்கில எழுத்து, பிறகு இலக்கங்கள். சிறுவன் கையில் அறுகோண அலுமினிய 20 காசு இருந்தால் 1982 வந்துவிட்டது என்று பொருள். உங்கள் 1975 படத்தில் 10 காசு வரையுங்கள், ஓரம் பூவிதழ் போல வளைந்து வளைந்து இருக்கும்.

அப்பாவின் சதாபிஷேகத்துக்கு அவர் பிறந்த வீட்டை வரைந்து தர ஆசை. வீட்டை இடித்து 30 வருடம் ஆகிறது. ஒரு புகைப்படம்கூட இல்லை. வரைய முடியுமா?
– வாசகி, சிதம்பரம்

முடியும். ஆனால் முதல் வாரம் தூரிகையைத் தொடாதீர்கள்.

வீட்டின் பழைய பத்திரம் யாரிடமாவது இருக்கும், அதைத் தேடுங்கள். சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளும், கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்ற கணக்கும் இருக்கும். வீட்டின் முகப்பு அகலம் கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேரையாவது தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் உரத்த குரல்காரர் சொன்னதே எல்லாருடைய நினைவும் ஆகிவிடும். “வீடு எப்படி இருந்தது?” என்று கேட்டால் “அழகா இருந்துச்சு” என்பார்கள், அதை வைத்து ஒரு கோடும் போட முடியாது. இப்படிக் கேளுங்கள்: திண்ணையில் வெயில் காலையிலா மாலையிலா? கதவைத் திறந்தால் எந்தப் பக்கச் சுவரில் இடிக்கும்? தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி? நிலையில் குனிந்து நுழைய வேண்டுமா? மழை பெய்தால் தாழ்வாரத் தண்ணீர் எங்கே கொட்டும்? முதல் கேள்விக்கான பதிலே வீடு எந்தத் திசை பார்த்தது என்று சொல்லிவிடும். இருவர் சொன்னது முரண்பட்டால், அந்த இடத்தில் ஒரு மரக்கிளையோ காயப்போட்ட வேட்டியோ வரைந்து மறைத்துவிடலாம். பெரிய ஓவியர்களும் செய்கிற வேலைதான்.

அளவு: பெரியவர்கள் குனிந்து போன நிலை என்றால் 5½ அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் திண்ணை 2½ முதல் 3 அடி. கூரை ஓட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சீமை ஓடு என்கிற மங்களூர் ஓடு சுமார் 16 அங்குல நீளம். ஒன்றின் மேல் ஒன்று ஏறியது போக வெளியே தெரிவது ஓர் அடி சொச்சம்தான். 10 அடிச் சரிவில் ஒன்பது பத்து வரிசைக்கு மேல் வராது. படங்களில் இருபத்தைந்து வரிசை போட்டுவிடுகிறார்கள், வீடு அரண்மனை ஆகிவிடுகிறது. நாட்டு ஓடு வேறு. அது சிறிய அரைக்குழாய். அதில் மேலிருந்து கீழே இறங்கும் வரிகள் கண்ணில் படும். சீமை ஓட்டில் குறுக்கு வரிகள். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865-இல்தான், ஆகவே அதற்கு முந்திய வீட்டில் நாட்டு ஓடு கிடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எதுவானாலும் ஒவ்வோர் ஓட்டையும் வரையாதீர்கள். முகட்டிலும் இறவாணத்திலும் (கூரையின் தாழ்ந்த ஓரம்) தெளிவாகக் காட்டி, நடுவில் அங்கங்கே விட்டுவிடுங்கள்.

இனி, இந்தக் கடிதத்துக்கு நாங்கள் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி. அடிவானக் கோட்டை உங்கள் கண் உயரத்தில் வைக்காதீர்கள், எட்டு வயதுப் பையனின் கண் உயரத்தில் வையுங்கள். எட்டு வயதில் ஆள் சுமார் 4 அடி. கண் 3 அடி 8 அங்குலத்தில் இருக்கும். அப்படி வைத்தால் 3 அடித் திண்ணையின் மேல்தளம் ஒரு மெல்லிய கீற்றாக மட்டுமே தெரியும். சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எல்லாரின் இடுப்புக்குச் சற்று மேலே அந்தக் கோடு ஓடும், தலைகள் எல்லாம் வானத்தை நோக்கி உயரும். நிலைப்படி பெரிதாகும், தூண் தடிக்கும். “நம்ம வீடு இவ்வளவு பெரிசா இருந்துச்சே” என்று அப்பா சொல்லும் வீடு அதுதான். பெரியவர் கண் உயரத்தில் வரைந்தால் அதே வீடு வீட்டுத் தரகர் காட்டும் படம் போல இருக்கும்.

நிழலையும் பருவத்தோடு பொருத்துங்கள். சிதம்பரத்தில் சித்திரை முதல் வாரமும் ஆவணி முதல் வாரமும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தூணுக்குக் காலடியில்தான் நிழல். மார்கழி நடுப்பகலிலோ 6 அடி ஆளுக்கு வடக்குப் பக்கமாக 4 அடி நிழல் விழும். தெற்குப் பார்த்த வீட்டில் அந்த வெயில் திண்ணையின் உள்வரை வரும். வாசலில் பூசணிப்பூ வைத்த மார்கழிக் கோலம் போட்டுவிட்டு உச்சி வெயில் நிழல் வரைந்தால், சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும்.

தாள் 11 × 15 அங்குலம் போதும். கேட்டுச் சேர்க்க ஒரு வாரம், பென்சில் மாதிரிப்படம் மூன்று நாள், அதைப் பெரியவர்களிடம் காட்டித் திருத்த இரண்டு நாள், வண்ணத்துக்கு ஒரு வாரம், ஃப்ரேமுக்கு ஒரு வாரம். ஐந்து வாரம் முன்னாலேயே தொடங்குங்கள். பென்சில் படத்தை அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

பால்பாயின்ட் பேனாவில் வரைந்த கோட்டோவியம் இரண்டு வருடத்தில் மங்கிவிட்டது.
– வாசகர், மதுரை

அந்த மை சாயம், வெளிச்சத்தில் வெளுக்கும். நிறமி மை ஊற்றிய பேனா கேட்டு வாங்குங்கள். 0.1, 0.3, 0.5 மூன்று முனை போதும்: தூரத்துக் கோபுரத்துக்கு 0.1, கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதற்கு 0.5. மேலே வண்ணம் ஓட்டுவதானால் கோடு நன்றாகக் காயும் வரை பொறுங்கள். உங்கள் ஊர்க்காரரான மனோகர் தேவதாஸ் (1936–2022) வரைந்த மதுரைக் கோட்டோவியங்களைப் பாருங்கள். கண்பார்வையை மெல்லப் பறிக்கும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா நோய் இருந்தும், சிறுவயது மதுரையைக் கோடு கோடாக இழைத்தவர். கோடுகளின் நெருக்கத்தாலேயே இருட்டும் வெளிச்சமும் எப்படி வருகிறது என்று கற்றுக்கொள்ளலாம்.

குரங்கு பெடல் அடிக்கும் பையனை வரைகிறேன். ஐந்து முறை வரைந்தும் சைக்கிளிலிருந்து விழப்போகிறவன் போலவே இருக்கிறான்.
– வாசகர், விருதுநகர்

பையனையும் சைக்கிளையும் நேராக நிறுத்தியிருப்பீர்கள். குரங்கு பெடலில் இரண்டும் நேராக இருக்கவே முடியாது. பையன் சைக்கிளின் இடப்பக்கம் நிற்கிறான். இடக்கால் இடது பெடலில். வலக்கால் பாருக்குக் கீழே உள்ள முக்கோணத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கத்து வலது பெடலில். உடம்பின் எடை முழுக்க இடப்பக்கம் தொங்குவதால் சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தால்தான் சமநிலை. ஆகவே முன்னாலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஆங்கில ‘V’ எழுத்தைப் போல விரிய வேண்டும்: சைக்கிள் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். இடக்கை ஹேண்டில்பாரில், வலக்கை சீட்டைப் பிடித்திருக்கும் அல்லது பாரைக் கட்டியிருக்கும். இடுப்பு வளைந்து, பின்புறம் சற்றுத் துருத்தி நிற்கும். வலக்கை ஹேண்டிலில் இருப்பதாக வரைந்தால், பாருக்கு இந்தப் பக்கம் இருக்கும் உடம்பிலிருந்து அந்தக் கை எட்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

பெரிய சைக்கிளின் சக்கரம் 28 அங்குலம். 4 அடிப் பையனுக்கு அதன் உச்சி இடுப்புக்கு வரும், ஹேண்டில்பார் நெஞ்சுக்கு மேலே. பலர் சக்கரத்தைச் சுருக்கிவிடுகிறார்கள், அப்புறம் அது வாடகைக் கடை அரை சைக்கிள். அரை சைக்கிள் கிடைத்தவன் எதற்குக் குரங்கு பெடல் அடிக்கிறான்? செயின் இருப்பது வலப்பக்கம், ஆகவே வலக்காலின் உள்பக்கம் கிரீஸ் கறை. பெடல் கீழே போன நேரத்தை வரையாதீர்கள். ஒரு பெடல் முன்னாலும் ஒன்று பின்னாலும் கிடைமட்டமாக இருக்கும் கணத்தைப் பிடித்தால் ஓட்டம் தெரியும்.

நான் வரையும் பிள்ளைகள் எல்லாம் குள்ளமான பெரியவர்கள் போல இருக்கிறார்கள்.
– வாசகி, நாமக்கல்

தலை அளவுதான் காரணம். பெரியவர் உடம்பு ஏழரைத் தலை. எட்டு வயதுக்கு ஆறு முதல் ஆறரை, நான்கு வயதுக்கு ஐந்து. தோள் அகலத்தைக் குறையுங்கள், கழுத்தை மெலிதாக்குங்கள். முகத்தில் கண்கள் பாதிக்குச் சற்றுக் கீழே. மூக்கை ஒரு கோட்டில் முடியுங்கள், இரண்டாவது கோடு விழுந்தால் பத்து வயது கூடிவிடும். அண்ணனின் சட்டையைத் தம்பி போட்ட காலம் அது. சட்டைத் தோள் கீழே இறங்கியிருக்கட்டும்.

சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரை எப்படிக் கொண்டுவருவது? வெறும் தாளாகவே விட்டால் வெறுமையாக இருக்கிறது, சாம்பல் பூசினால் சிமென்ட் ஆகிவிடுகிறது.
– வாசகர், காரைக்குடி

கறுப்புக் கலந்த சாம்பல் பூசுவதால் சிமென்ட் ஆகிறது. அல்ட்ராமரீன் புளூவும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து சாம்பல் செய்யுங்கள். நீலம் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிக்கும் வழக்கம் உண்டல்லவா, அதற்கும் பொருந்தும். வெயில் படும் இடத்தைத் தாளாகவே விடுங்கள். இறவாணத்துக்குக் கீழே நிழல் மேலே அடர்ந்தும் கீழே வரவர இளகியும் வரும். ஏனென்றால் தெருவில் பட்ட வெயில் தரையிலிருந்து எகிறி, சுவரின் கீழ்ப்பாதிக்கு ஒளி தருகிறது. உங்கள் பக்கத்துச் செம்மண் தெருவானால் அந்தக் கீழ்ப்பாதி நிழலில், ஈரம் இருக்கும்போதே, பர்ன்ட் சியன்னாவை ஒரு சொட்டு விடுங்கள். வெள்ளைச் சுவர் உயிர்பெறும் இடம் அதுதான். கும்பகோணம் பகுதியில் பிறந்து 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜாவின் படங்களில், வெளியிலிருந்து வரும் ஒளி வீட்டுக்குள் சுவரிலும் முகத்திலும் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள்.

சுவருக்கு அடியில் காவிப் பட்டை வரைந்தால் அதன் மேல் ஓரத்தை ஸ்கேல் வைத்து இழுக்காதீர்கள். கையால் அடித்த பட்டை நேராக இருந்ததே இல்லை.

சித்திரையில் வாஷ் ஓட்டினால் பாதியிலேயே காய்ந்து கோடு விழுகிறது. தாளும் சுருண்டு அலை அலையாக நிற்கிறது.
– வாசகி, வேலூர்

300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக் கணக்கு) காட்டன் தாளுக்கு மாறினால் சிறிய படங்களுக்கு இரண்டாவது தொல்லை பெருமளவு போய்விடும். விலை அதிகம்தான். 200 ஜி.எஸ்.எம். தாளில்தான் வரைவீர்கள் என்றால் இழுத்து ஒட்டுங்கள்: தாளைத் தொட்டித் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நீர் வடித்து, 12 மி.மீ. பிளைவுட் பலகையில் விரித்து, நனைத்தால் ஒட்டும் காகித டேப்பை நான்கு ஓரமும் ஒட்டி, படுக்கை வாக்கில் நிழலில் இரவு முழுக்க விடுங்கள். டேப்பை அதிகம் நனைத்தால் பசை கழுவிப்போய்ப் பிய்ந்துகொள்ளும். பலகையை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி, காயும்போது மேல் ஓரம் கிழியும். மாஸ்கிங் டேப் ஈரத் தாளைப் பிடிக்காது.

வாஷ் பாதியில் காய்ந்துவிடும் தொல்லைக்கு: காலை எட்டு மணிக்குள் வானத்தை முடித்துவிடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், நிறத்தைத் தேவைக்கு இரண்டு மடங்கு கரைத்து வைத்துக்கொண்டு பெரிய தூரிகையால் ஒரே மூச்சில் ஓட்டுங்கள். இழுத்து ஒட்டாத கனத் தாளானால் பின்பக்கத்தை ஈரத் துணியால் ஒருமுறை துடைப்பதும் உதவும். ஐப்பசியில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும்: காயவே காயாது. அரை ஈரத்தில் பொறுமையிழந்து தொட்டால் காலிபிளவர் போலப் பூத்துவிடும்.

ஃப்ரேம் போட்ட படத்தில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன.
– வாசகர், நாகர்கோவில்

பூஞ்சை. பெரும்பாலும் படம் கண்ணாடியை ஒட்டி இருந்திருக்கும், அல்லது மழைநீர் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டியிருப்பீர்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற மவுண்ட் போர்டு வேண்டும், குறைந்தது 2 மி.மீ. பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டு நேரடியாகப் படத்தைத் தொடக்கூடாது, அதிலிருந்து வரும் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். நடுவே இன்னொரு மவுண்ட் போர்டு வையுங்கள். ஃப்ரேமின் கீழ் மூலைகளில் அரை செ.மீ. தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடும். செலோ டேப் வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது.

வந்துவிட்ட பூஞ்சைக்கு: வெளியே எடுத்து, நிழலில் நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி தொட்டால் பரவும். கறை போகாது, பரவாமல் நிற்கும், அவ்வளவுதான்.

நுங்கு வண்டி, மாட்டு வண்டி, முறுக்குப் பாட்டி என்று வரைந்து பிரின்ட் விற்கிறேன். முதலில் நன்றாகப் போனது, இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை.
– வாசகர், சென்னை

எல்லாரும் அதையே வரைகிறார்கள், அதுதான். அத்தோடு, நீங்கள் அனுப்பிய ஆறு படங்களில் ஐந்து கிராமம். சிறுநகரம் வேறு. அங்கே வாடகை சைக்கிள் கடையும், நேரம் குறிக்கும் நோட்டும் உண்டு. நகராட்சிக் குழாயடியில் குட வரிசை உண்டு. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வாசலில் நிற்கும் கேன்கள், பேருந்து நிலையத்து வேர்க்கடலைக் கூம்பு, சினிமா போஸ்டருக்குப் பசை காய்ச்சும் வாளி, எல்லாம் உண்டு. வாங்க வருபவரில் பெரும்பாலோர் இந்த ஊர்களில் வளர்ந்தவர்கள். மாட்டு வண்டியில் அவர்கள் ஏறியதே அபூர்வம்.

இன்னும் ஒருபடி இறங்கி, ஊர் பெயர் எழுதாமலே ஊரைச் சொல்லுங்கள். சிவகாசி என்றால் காயப்போட்ட லேபிள் தாள்கள். திண்டுக்கல் என்றால் வாசலில் அரம் வைத்துப் பூட்டு ராவும் ஆள். கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய்த் தட்டு. தூத்துக்குடி என்றால் தெருக்கோடியில் உப்புக் குவியலின் வெள்ளை. அந்த ஊர்க்காரர் கட்டாயம் நிற்பார், அடுத்த ஊர்க்காரர் “எங்க ஊர் இல்லையா?” என்று கேட்பார்.

நுங்கு வண்டியை விடவே மனமில்லை என்றால் சரியாகவாவது வரையுங்கள். நுங்கு சித்திரை, வைகாசிக் காலத்தது. உங்கள் படத்தில் தெருவெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கி, பையன் கையில் நுங்கு வண்டி. சக்கரம் இரண்டும் குடைந்து தின்ற மட்டைகள், நடுவே குச்சி அச்சு. தள்ளும் கோல் கவட்டைக் கோல், அந்தக் கவட்டை அச்சின் மேல் உட்கார்ந்து உருட்ட வேண்டும். நீங்கள் ஆணி அடித்துக் கோலைச் சக்கரத்தில் மாட்டியிருக்கிறீர்கள். அந்த வண்டி நகராது.

பழைய பத்திரிகையில் வந்த ஒரு தெருப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்து விற்கலாமா?
– வாசகி, ஈரோடு

புகைப்படம் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு வரை காப்புரிமை இருக்கிறது. ஓவியமானால் ஓவியர் மறைந்த பின்னும் 60 ஆண்டு. அப்படியே பார்த்து வரைந்து விற்பது சிக்கல். விவரங்களுக்காகப் பார்ப்பது வேறு: வண்டிச் சக்கரத்துக்கு எத்தனை ஆரம், பலகை எந்த உயரத்தில் என்று பார்த்துக்கொண்டு, கோணத்தையும் காட்சியையும் நீங்களே அமையுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானால் நிறத்துக்கு அதை நம்ப வேண்டாம், காவியும் கரும்பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிடும். அந்தக் காலத்துக் கதவு எங்காவது நின்றால், உரிமையாளரிடம் கேட்டு, மறைவான ஓரத்தில் காசால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பூச்சு ஒவ்வொன்றும் அடுக்கடுக்காக அங்கேயே இருக்கும்.

அண்ணன் தம்பி நான்கு பேருக்கும் ஒரே படத்தின் பிரின்ட் தர வேண்டும். கைபேசியில் எடுத்துக் கொடுத்தேன், ஓரங்கள் வளைந்து மங்கலாக வந்தது.
– வாசகர், தஞ்சாவூர்

ஸ்கேன் செய்யுங்கள். ஏ4 படத்தை 600 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏ3 அளவுக்குப் பெரிதாக்கினாலும் தெளிவு கெடாது. ஏ3 பிரின்ட் 300 டி.பி.ஐ.-க்குத் தேவை 3508 × 4961 பிக்சல். படம் ஸ்கேனரை விடப் பெரிதானால் இரண்டு பாதியாக எடுத்துக் கணினியில் இணைக்கலாம், நடுவே 2 அங்குலமாவது இரண்டிலும் வரும்படி எடுங்கள். கைபேசிதான் வழி என்றால் படத்தைச் சுவரில் நேராக ஒட்டி, தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில், நிழலான வராண்டா வெளிச்சத்தில் எடுங்கள். கடையில் முதலில் ஒரே ஒரு பிரின்ட் எடுத்து, மூலப்படத்தின் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டுக் கூரை ஆரஞ்சாக அடித்தால் சிவப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு மற்ற மூன்றையும் எடுங்கள்.